இத்தாலி காம்பஸும் கல்கத்தா காம்பஸும்

காட்டு அளவைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னைப் பார்க்கும்போது கேட்பது ஒரே கேள்விதான். சொந்தமாக ஒரு மிலிட்டரி காம்பஸ் வாங்க வேண்டும், அசல் எது, போலி எது, எது நாள்பட உழைக்கும்? கேட்பவர்கள் கடை விளம்பரத்தையும் கையோடு கொண்டுவந்து காட்டுகிறார்கள். பச்சை வண்ணம் பூசியிருக்கிறது, மூடி இருக்கிறது, இரும்புப் பெட்டி போலக் கனக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற தோரணை அவர்கள் முகத்தில் இருக்கும்.

அசலைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அதை அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம். அசல் காம்பஸ் ஒன்றை நம்பி ஒரு மனிதர் உயிரோடு வீடு திரும்பாமல் போயிருப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த அரைமணி நேரத்துக்கு அர்த்தம் உண்டு. அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் தென்காசியில் வேலையில் இருந்தேன். செங்கோட்டைப் பக்கம் நம் மாநிலத்தோடு சேர்ந்த பிறகு, மலைமேல் இருந்த எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சரிபார்க்கும் வேலை வந்தது. கற்களில் பாதியைக் கொடி மூடியிருந்தது. சிலவற்றை யானை தள்ளியிருந்தது. சங்கிலியும் பெரிய கருவிகளும் போகாத இடங்களில் காம்பஸ்தான் எங்கள் கண். அலுவலகத்தில் இருந்த ஒரே காம்பஸில் திரவம் கசிந்து, உள்ளே ஒரு குமிழி நெல்லிக்காய் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. உள்ளூரில் ஒன்று வாங்கிக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார்கள்.

அப்போது தென்காசி கடைத்தெருவில் மிலிட்டரி டிஸ்போசல் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட பொருட்கள். தண்ணீர் பாட்டில், கொசுவலை, பூட்ஸ், தோள்பை எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். கடைக்குத் தனியாகப் போகத் துணிவில்லாமல் ஹவில்தார் அண்ணாச்சியைக் கூட அழைத்துப் போனேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்த ஊர் ராயகிரி. யுத்தத்தில் இத்தாலி வரைக்கும் போய் வந்தவர். பட்டாளத்திலிருந்து வந்ததும் எங்கள் அளவைக் குழுவில் காட்டு வழி பார்க்கும் பொறுப்பு கிடைத்தது. எங்கள் எல்லோருக்கும் அவர் சொல்தான் கடைசிச் சொல். யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. இடுப்பு பெல்ட்டில் ஒரு தோல் உறை இருக்கும். அதற்குள் இத்தாலியில் அவரோடு இருந்த காம்பஸ். ஒரு பனிக்காலத்தில் குண்டு விழுந்து வழி தவறிய பத்துப் பன்னிரண்டு பேரை அந்தக் காம்பஸை வைத்துக்கொண்டு திரும்பக் கூட்டி வந்தாராம். இதை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. அவரோடு இருந்த வேறு ஒரு பட்டாளத்துக்காரர் சொன்னார்.

கடைக்காரர் ஏழெட்டு காம்பஸ்களை எடுத்து மேஜைமேல் பரப்பினார். பளபளவென்று இருந்த ஒன்றை நான் கையில் எடுத்தேன். அண்ணாச்சி அதை வாங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இது பொம்மைலே," என்றார்.

"எப்படி அண்ணாச்சி சொல்லுதீய? ராணுவ முத்திரை இருக்கே?"

"முத்திரையத் தடவிப் பாரு. வார்க்கும்போதே அச்சுல வந்தது. நிசமானதுல உளியால வெட்டியிருப்பான், விரல்ல கரகரன்னு தட்டுப்படும். மூடிக் கண்ணாடியில கோடு பாரு, நடுவுல இல்ல, சாஞ்சு கெடக்கு. இந்தக் கோட்ட வச்சு எந்த மரத்தக் குறி பாப்ப?"

பிறகு மூடியின் கீலை ஆட்டிக் காட்டினார். பெட்டியிலும் மூடியிலும் ஒரே எண் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கண் வைத்துப் பார்க்கும் முப்பட்டைக் கண்ணாடியின் ஓரம் உடைந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி இரண்டே இரண்டு அசல் என்று வந்து நின்றது. ஒன்று இங்கிலாந்தில் செய்தது. கறுப்பு வண்ணம் கூட உரியவில்லை. மற்றது யுத்த காலத்தில் கல்கத்தாவில் செய்தது. மூடியில் ஒரு நசுங்கல், வண்ணம் திட்டுத் திட்டாகப் போயிருந்தது.

"இங்கிலீஷ்காரன் சாமான எடு," என்றார் அண்ணாச்சி. "கேட்கவே வேண்டாம்."

நான் கல்கத்தாவை எடுத்தேன். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எனக்கு அப்போதே கண் கொஞ்சம் மங்கல். அடர்ந்த மலைச்சோலைக்குள் வெளிச்சம் குறைவு. கல்கத்தா காம்பஸில் எழுத்துகள் பெரிதாக இருந்தன, படிக்க முடிந்தது. இங்கிலாந்து காம்பஸில் எழுத்துகள் எறும்பு ஊர்வது போல இருந்தன. அண்ணாச்சிக்கு என் தேர்வு பிடிக்கவில்லை. வெளியே வந்ததும், "உன் கண்ணு, உன் இஷ்டம்," என்றார். அதோடு விட்டுவிட்டார்.

இனி மலைக்கு வருகிறேன்.

ஒன்றிரண்டு வருடங்கள் கழித்து, அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சாரல் காலம். குற்றாலத்துக்கு மேலே மலை முகட்டில் எல்லைக்கல் ஒன்றைத் தேடிப் போனோம். சாரல் காலத்தில் யாரும் அந்த வேலைக்குப் போக மாட்டார்கள். மேலிடத்திலிருந்து அவசரம் வந்துவிட்டது. நாங்கள் ஆறு பேர். சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த உதவி அதிகாரி, ஹவில்தார் அண்ணாச்சி, நான், அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் அந்தோணி, சுமை தூக்க இரண்டு பேர். அந்தோணிக்குத் தென்காசிதான் ஊர். கல்யாணமாகி முதல் குழந்தை பிறந்திருந்த சமயம். வழியெல்லாம் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். யார் எந்தப் பெயர் சொன்னாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். ஆனால் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

முகட்டுக்கு ஏறியதும் மேகம் இறங்கியது. மழை என்று சொல்ல முடியாது, உடம்பெல்லாம் நனைந்தது. பத்தடிக்கு அப்பால் இருப்பவர் நிழல் மாதிரித் தெரிந்தார். முகட்டில் ஒரு மடிப்புக்குள் சோலை. கல் அதற்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. உள்ளே இறங்கி இப்படியும் அப்படியும் தேடினோம். கொடியை வெட்டி, விலக்கி, சுற்றிச் சுற்றி வந்தோம். எந்தத் திசையிலிருந்து உள்ளே வந்தோம் என்பது யாருக்கும் நினைவில்லாமல் போனது அப்போதுதான்.

அந்தோணி கல்லைக் கண்டுபிடித்தார். "சார், இங்கன இருக்கு!" என்று அவர் கத்தியதும் நாங்கள் அந்தப் பக்கம் நடந்தோம். அந்த நேரத்தில் மேலே ஒரு கிளை முறிந்தது. ஈரத்தில் ஊறிப்போன பெரிய கிளை. சத்தம் கேட்டு அந்தோணி விலகினார். முழுவதும் விலக முடியவில்லை. கிளையின் முறிந்த முனை அவருடைய தொடையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது.

அண்ணாச்சி ஓடிப்போய் தன் தலைப்பாகைத் துணியை அவிழ்த்துத் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். ஒரு குச்சியை உள்ளே விட்டு முறுக்கினார். ரத்தம் பீறிடுவது நின்றது, கசிவது நிற்கவில்லை. அந்தோணி கத்தவில்லை. தன் காலை வேறு யாருடைய காலோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் வந்த வழியில் திரும்பினால் முகட்டோடு சுற்றிக்கொண்டு ஒரு முழு நாள் நடை. நேர்கிழக்கே இறங்கினால் ஏலக்காய் எஸ்டேட் ஒன்று இருந்தது. அங்கே ஜீப் இருக்கும். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். மேற்கே இறங்கினால் அந்தப் பக்கத்துக் காடு. மனிதர் இருக்கும் இடம் எத்தனை நாள் தொலைவில் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆகவே எங்கள் முன் இருந்தது ஒரே ஒரு கேள்வி: கிழக்கு எது?

சாரல் காற்று மேற்கிலிருந்துதானே வரும், அதை வைத்துச் சொல்லக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். மடிப்புக்குள் காற்று சுழன்றது. முகத்தில் அடித்த காற்று மறுநிமிடம் பிடரியில் அடித்தது. தண்ணீர்ச் சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. சூரியன் இருக்கும் இடமே தெரியவில்லை.

அண்ணாச்சி தோல் உறையிலிருந்து காம்பஸை எடுத்தார். கையெல்லாம் ரத்தம். வேட்டியில் துடைத்துவிட்டு, பிசுபிசுப்பு போகாததாலோ என்னவோ, ஒரு பாறைமேல் காம்பஸை வைத்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"கிழக்கு இந்தா இப்படி. பள்ளம் இறங்குது பாருங்க. இதுலயே இறங்கிருவோம்."

அவர் காட்டிய பக்கத்தில் ஒரு வாய்க்கால் போல நிலம் சரிந்து இறங்கியது. புல்லும் இளமரங்களும்தான். ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்காகவே யாரோ வெட்டி வைத்த மாதிரி இருந்தது.

நான் என் காம்பஸை எடுத்துப் பார்த்தேன். அது கிழக்கை வேறு பக்கம் காட்டியது. அங்கே நிலம் சரியவில்லை, ஒரு மேடு ஏறியது. மூங்கிலும் முள்ளும் அடர்ந்திருந்தன.

எந்தக் காம்பஸ் தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் யுத்தத்தில் பத்துப் பேரை மீட்ட காம்பஸ், அதன் சொந்தக்காரர், இறக்கமான வழி. மறுபக்கம் மூடி நசுங்கிய கல்கத்தா காம்பஸ், மங்கல் கண், மேட்டு வழி. என்னையே கேட்டிருந்தால் நானும் அண்ணாச்சி பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. பேசாமல் இருப்பது அங்கே மிகவும் சுலபம்.

"அண்ணாச்சி, எனக்கு வேற பக்கம் காட்டுது," என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "இப்ப இதுக்கெல்லாம் நேரம் இல்லைங்க. அவர் மிலிட்டரியில இருந்தவர். அவர் சொல்ற வழியில போகலாம்."

"போலாம் சார். நான் வேண்டாங்கலை. அண்ணாச்சி, இன்னொரு தடவை மட்டும் பாத்துருங்க. அருவாள எல்லாம் தள்ளி வச்சுட்டுப் பாப்போம்."

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. சுமை தூக்குகிறவர்களிடம் திரும்பி, "ஏலே, அருவாளு, டப்பா, இரும்புச் சாமான் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு அங்கன தள்ளிப் போய் நில்லுங்க," என்றார்.

மேகத்துக்குள் சாய்ந்து நின்ற ஒரு மரம் மங்கலாகத் தெரிந்தது. அதைக் குறியாக வைத்துக்கொண்டோம். அண்ணாச்சி பாறைமேல் காம்பஸை வைத்து மரத்தைப் பார்த்தார், ஒரு எண் சொன்னார். பெட்டியை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப அதே மரத்தைப் பார்த்தார். வேறு எண் வந்தது. கொஞ்சம் வித்தியாசம் என்றால் பரவாயில்லை. இது கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவே ஆடுகிற வித்தியாசம். மூன்றாவது முறை பார்த்தபோது மூன்றாவதாக ஒரு எண். அந்த மரம் அசையாமல் நின்றுகொண்டுதான் இருந்தது.

என் காம்பஸை வைத்து அவரே பார்த்தார். மூன்று முறையும் ஒரே எண்.

அது மட்டும் போதாது. பாறையில் இரும்புச் சத்து இருந்தால் நல்ல காம்பஸும் ஒரே பொய்யையே திரும்பத் திரும்பச் சொல்லும். நான் என் காம்பஸை எடுத்துக்கொண்டு அந்தச் சாய்ந்த மரத்தடிக்குப் போய், அங்கிருந்து அண்ணாச்சி நின்ற பாறையைத் திரும்பிப் பார்த்தேன். முதலில் வந்த எண்ணுக்கு நேர் எதிர் எண் வந்தது. அதாவது, இரண்டு இடத்திலும் காம்பஸ் முள்ளை எதுவும் இழுக்கவில்லை.

இதற்கெல்லாம் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். அந்தச் சில நிமிடங்களும் அந்தோணியின் ரத்தம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதிகாரி கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அண்ணாச்சி தன் காம்பஸை மூடி உறைக்குள் போட்டார். பொத்தானை மாட்டினார். பிறகு என்னிடம், "சுப்பையா, நீ முன்னால போ. நான் ஆளத் தூக்கிட்டு வாரேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு கம்புகளில் ஒரு கம்பளியைக் கட்டி அந்தோணியைக் கிடத்தி, முன்கம்பைத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

அந்த மேடு நாங்கள் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. நான் முள்ளை வெட்டி வழி செய்வேன். அரிவாளைக் கீழே வைத்துத் தள்ளிப் போய்க் காம்பஸைப் பார்ப்பேன். திரும்ப வந்து வெட்டுவேன். ஏறிக்கொண்டே இருந்தோம். வீட்டுக்குப் போகிற வழி கீழேதானே இறங்க வேண்டும், இது ஏன் இன்னும் ஏறுகிறது? எல்லோர் மனதிலும் அந்தக் கேள்வி இருந்தது. அதிகாரிதான் அதை வாய்விட்டுச் சொன்னார்.

"நாம தப்பு பண்றோம். திரும்பிடலாம். அந்தப் பள்ளத்துலயே இறங்கியிருக்கணும்."

எனக்கும் கால் தயங்கியது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் அவர் இன்னொரு தடவை வற்புறுத்தியிருந்தால் நான் திரும்பியிருப்பேன்.

கம்பைத் தோளில் தாங்கியபடியே அண்ணாச்சி கேட்டார்: "எதுக்கு சார் திரும்பணும்? புதுசா எதும் தெரிஞ்சுதா?"

"இல்ல, ஆனா..."

"காம்பஸு முள்ளு மாறிச்சா சுப்பையா?"

"இல்ல அண்ணாச்சி. அங்கன பாத்ததுதான் இங்கனயும்."

"அப்ப நட. பயந்தான் வருது. பயம் அங்கன நிக்கும்போதே இருந்துது, அது புதுசு இல்ல. புதுசா எதாவது கண்ணுல பட்டா சொல்லு, அப்பத் திரும்புவோம்."

நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்தேன், எத்தனையோ புத்தகங்கள் படித்தேன். நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. தன் காம்பஸ் தோற்றுப்போன பிறகு, தோற்கடித்த காம்பஸுக்காக அந்த மனிதர் வாதாடினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கம்பளியில் கிடந்த அந்தோணி கண்ணை மூடியபடி, "தூங்கட்டா அண்ணாச்சி?" என்றார்.

"தூங்காதல. பிள்ளைக்கு என்ன பேருன்னு முடிவு பண்ணு."

"ஒண்ணும் தோண மாட்டேங்குது."

"ஒவ்வொண்ணாச் சொல்லு. நான் கேக்கேன்."

அந்தோணி முனகலாக ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அண்ணாச்சி ஒவ்வொன்றையும் "வேண்டாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். அந்தோணிக்கு ஒரு கட்டத்தில் கோபமே வந்துவிட்டது. "இதுவும் வேண்டாமா?" என்று குரல் உயர்ந்தது. அண்ணாச்சிக்கு வேண்டியது அந்தக் கோபம்தான் என்று நினைக்கிறேன்.

மேட்டின் உச்சியில் நிலம் சட்டென்று உடைந்து இறங்கியது. காற்று முதுகில் மட்டும் அடித்தது, சுழலவில்லை. கொஞ்ச தூரம் இறங்கியதும் மேகம் கிழிந்து, கீழே பெரிய மரங்களுக்கு அடியில் காடு சுத்தமாக்கப்பட்டு, வரிசை வரிசையாக ஏலச்செடிகள் தெரிந்தன. அதிகாரி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி நிற்கவில்லை.

எஸ்டேட் ஜீப் ஐந்தருவி வழியாக வந்தது. சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போனார்கள். கடைகளில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஹார்னை விடாமல் அடித்தபோது ஒருவர் ஜீப்பைத் தட்டித் திட்டினார். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவரே முன்னால் ஓடிக் கூட்டத்தை விலக்கினார். அந்தோணியைத் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும், அதற்கு மேலும் தாமதித்திருந்தால் ஆளே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். அந்தோணி பிழைத்தார். லேசாக விந்தி நடந்தார். காட்டு வேலை முடியாது என்பதால் அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். குழந்தைக்கு அவர் மனைவி ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

சில நாள் கழித்து அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்து தோல் உறையோடு காம்பஸை என் மேஜைமேல் வைத்தார்.

"மெட்ராஸுக்குக் கருவி ரிப்பேருக்குப் போறல்லா? இதையும் கொண்டு போ. எதுக்கு இப்படிப் பண்ணுதுன்னு கேட்டுட்டு வா."

சென்னையில் கருவி பழுது பார்ப்பவர் ஒரு கிழவர். காம்பஸைத் திறந்து பார்த்தார், மூடினார். இதில் ஒரு பழுதும் இல்லை, முதல் தரமான சாமான் என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். ஐரோப்பாவில் பூமியின் காந்தம் முள்ளின் வடக்கு முனையைக் கீழ்நோக்கியும் இழுக்கும். முள் அந்தப் பக்கம் சாயாமல் இருக்க, எதிர்ப்பக்கத்தில் ஒரு துளி கனம் வைத்துச் சமன் செய்துவிடுவார்கள். நம்முடைய தென்கோடியில் காந்தம் ஏறக்குறையத் தரையோடு தரையாக ஓடுகிறது. கீழ்நோக்கி இழுப்பு கிடையாது. ஆகவே அந்தத் துளியின் கனம் மட்டும் மிஞ்சி, முள்ளோடு சுற்றும் எண் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே உரசும். உரசினால் நிற்கக்கூடாத இடத்தில் நிற்கும். கல்கத்தாவில் செய்தது இந்தப் பக்கத்து மண்ணுக்கென்று சமன் செய்தது.

"அப்படின்னா இத்தனை வருஷமா எப்படி வேலை செஞ்சுது?" என்று கேட்டேன்.

"கையில வெச்சிருக்கறவர் தெரியாமலே கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சிருப்பார். பழக்கம். சமமா ஒரு இடத்துல வெச்சாத்தான் சிக்கும்."

அந்தத் துளியை எடுத்துவிடட்டுமா, இங்கே ஒழுங்காக வேலை செய்யும் என்றார். என்னுடைய காம்பஸ் இல்லை, சொந்தக்காரரைக் கேட்க வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். முத்திரையைப் பாருங்கள், கோட்டைப் பாருங்கள், கீலைப் பாருங்கள். எல்லாம் பார்த்து அசல் என்று தெரிந்த பிறகு, இரும்பு இல்லாத சமமான இடத்தில் வைத்து ஒரே பொருளை மூன்று முறை குறி பாருங்கள். மூன்று முறையும் ஒரே பதில் வராவிட்டால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். அது எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும், யார் வைத்திருந்ததாக இருந்தாலும் சரி. வாங்கிய பிறகும் வருடத்துக்கு ஒருமுறை இப்படிப் பாருங்கள்.

நான் ஊர் திரும்பி அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இங்கிலீஷ்காரன் பெட்டி எல்லாமே இங்கன இப்படித்தானா?"

"எல்லாம்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. இந்தியாவுக்குன்னு செஞ்சு அனுப்புனது சரியா இருக்குமாம். மத்தது சிக்கும்."

அண்ணாச்சி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "நாலு பேருக்கு நான் சொல்லி வாங்கிக் குடுத்திருக்கேன்," என்றார். "எந்திரி. சைக்கிள எடு."

அந்த நான்கு பேரும் வனக்காவலர்கள். ஆளுக்கொரு ஊர். கடிதம் போட்டுச் சொல்லிவிடலாமே என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஒருவர் வீட்டுக்குப் போனோம். முதல் ஆளுடையது சரியாக இருந்தது. இரண்டாவது ஆளுடையது சிக்கியது. மூன்றாவது ஆள் தன்னுடையதைச் சோதிக்கவே விடமாட்டேன் என்றார். "அண்ணாச்சி, முத்திரை பாத்து நீங்கதான எடுத்துக் குடுத்தீய, அதுல என்ன இப்ப?" என்று சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வாங்கித் தரையில் வைத்து மூன்று முறை பார்க்க வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

நான்காவது ஆள் மாடசாமி, அச்சன்புதூர்க்காரர். நாங்கள் போனபோது அவர் வீட்டில் இல்லை. மனைவி வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவுக காலையிலேயே காட்டுக்குப் போயிட்டாகளே. சாயங்காலம் வந்திருவாக. உக்காருங்க, மோர் கொண்டாரேன்."

"காம்பஸ்?" என்றார் அண்ணாச்சி.

"அது இல்லாம எங்க போவாக? இடுப்புலதான் இருக்கும்."

அண்ணாச்சி உட்காரவில்லை. மோரையும் வாங்கவில்லை. மலையைப் பார்த்தார். உச்சியில் மேகம் அடைத்திருந்தது. சைக்கிளைத் திருப்பினார். மேக்கரை தாண்டி ரோடு முடியும் இடத்தில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு, காட்டுத் தடத்தில் ஏறத் தொடங்கினோம். அவர் வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. நின்று மூச்சு வாங்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

பாதி மலையில் மாடசாமி எதிரே இறங்கி வந்தார். தோளில் துண்டு, கையில் கம்பு, வாயில் வெற்றிலை. எங்களைப் பார்த்ததும் திகைத்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டு தூரம்? வீட்டுல எதும் விசேஷமா?"

"ஒண்ணும் இல்லலே. உன் பெட்டிய எடு."

மாடசாமி எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி தடத்தோரம் ஒரு தட்டையான பாறையைத் தேடி, அதன்மேல் வைத்து, கீழே தெரிந்த கோயில் கோபுரம் ஒன்றைக் குறி பார்த்தார். ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. மூன்றும் வேறு வேறு. மூடியை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது இந்த மலைக்கு ஆகாது. வேற ஒண்ணு நான் பாத்துத் தாரேன். அதுவரைக்கும் மேகத்துக்குள்ள போகாத."

"நீங்க சொல்லித்தான அண்ணாச்சி இத வாங்குனேன்?"

"ஆமாலே," என்றார் அவர். "நாந்தான் சொன்னேன். அதான் நானே வந்தேன்."